பேரில்லாத படங்கள்: சென்னைப் புகைப்படக்காரர்களோடு ஒரு சண்டை

ஆகஸ்ட் மாசம் வந்தால் சென்னையில் கேமராக்காரர்களுக்குத் திருவிழா. 1839இல் பாரீசில் டாகுரேயின் கண்டுபிடிப்பை வெளியுலகத்துக்கு விளக்கிச் சொன்ன நாள் என்று ஆகஸ்ட் 19 புகைப்பட தினம். மூன்று நாள் தள்ளி 22ஆம் தேதி, 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்குக் கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் எழுதித் தரப்பட்ட நாள் என்று மெட்ராஸ் தினம். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் அந்த வாரம் முழுக்க நகரத்தில் கண்காட்சி, போட்டி, பயிலரங்கு, 'போட்டோ வாக்'. விடிகாலையில் காசிமேட்டில் படகிலிருந்து மீன் இறங்குவதற்கு முன்னால் காரிலிருந்து கேமரா இறங்கிவிடும். அங்கே முடித்து சவுகார்பேட்டை, மயிலாப்பூர், அப்புறம் 'நிஜமான மெட்ராஸ்' பார்க்கவேண்டும் என்று எங்கள் பக்கம், புளியந்தோப்பு, வியாசர்பாடி.

2025 ஆகஸ்டிலும் திருவிழா உண்டு. ஆனால் அந்த மாசம் முதல் தேதியிலிருந்தே இந்த நகரத்தில் வேறொரு காட்சியும் நடந்துகொண்டிருந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் சனம். பதின்மூன்று நாள் மழையிலும் வெயிலிலும் அந்த நடைபாதையில் கிடந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில், உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை இழுத்துப் பஸ்களில் ஏற்றியது. ஆறாவது நாள் புகைப்பட தினம்.

எங்க பெரியம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தாங்க. திரு.வி.க. நகர் மண்டலத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தெருப் பெருக்குறவங்க. இன்னும் நிரந்தரம் இல்லை. இந்தக் கட்டுரை அவங்களோட ஒரு படத்தைப் பற்றியது. அதற்குமேல், அந்தப் படத்தை எடுப்பதற்கும் மெச்சுவதற்கும் பரிசளிப்பதற்கும் ஒரு நகரம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பழகிவைத்திருக்கிற ஒரு கண்ணைப் பற்றியது.

2024 ஆகஸ்டில் நகரத்தின் புகைப்படச் சங்கம் ஒன்று கண்காட்சி வைத்திருந்தது. பேர் வேண்டாம், எதிராளி ஒரு சங்கம் மட்டுமில்லை. நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார், போனேன். குளிரூட்டிய கூடம், வெள்ளைச் சுவர், படத்துக்குப் படம் தனி விளக்கு. மூன்றாவது சுவரில் பரிசு பெற்ற படம். விடிகாலை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து சூரியன் நேராக லென்சுக்குள் வருகிறது. தூசி எழும்பித் தங்கம் மாதிரி மின்னுகிறது. நடுவில் ஒரு பெண் உருவம், கையில் நீளத் துடைப்பம், முழுக்கக் கறுப்பு. தலைப்பு 'பொன்தூசி'. கீழே எடுத்தவர் பேர், கேமரா பேர், லென்ஸ் அளவு, ஷட்டர் வேகம், எல்லாம் இருக்கு. நான் நின்ன இடத்திலேயே நின்னுட்டேன். இடது தோளைச் சாய்த்துத் துடைப்பத்தை வலது இடுப்போடு சேர்த்துப் பிடிக்கிற அந்த நிலை எனக்குத் தெரியும். படத்தின் வலது ஓரத்தில் சுவரில் நீலக் கோட்டின் ஒரு கை மட்டும் தெரிந்தது. எங்க தெருமுனையில் நாங்க எழுதின அம்பேத்கர். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள்.

சங்கத்து ஆளைக் கேட்டேன்: "இவங்க யாருன்னு கீழே போடலியே?" அவர் சிரித்தார். நல்ல மனுஷர், படித்தவர், தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவர். "தம்பி, இது ஒரு தனிமனுஷியோட படம் இல்ல. உழைப்போட படம். பேர் போட்டா அந்தப் பொதுமை போயிடும். சங்கப் பாட்டுல தலைவன் தலைவி பேரைச் சொல்றாங்களா?"

நானும் எம்.ஏ. தமிழ் படிச்சவன்தான். அகத்திணையில் பேர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் சொல்வது எனக்கும் பாடம். ஆனால் அது காதலுக்குச் சொன்னது. குப்பை அள்ளுவது எந்த ஊரில் அகம்? புறத்தில் பேர் சொல்லலாம், சொல்லியிருக்கிறார்கள். யானை கொடுத்தவன் பேர், தேர் கொடுத்தவன் பேர், தோற்று வடக்கிருந்தவன் பேர்கூட இருக்கு. அங்கேயும் துடியனும் பாணனும் பறையனும் கடம்பனும் குடிப்பேராக நின்றுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். மன்னனுக்குத் தன் பேர், நமக்குக் கூட்டத்தின் பேர். 'பொதுமை' என்று அந்தப் பெரியவர் சொன்னது இதைத்தான். அவருக்கே அது தெரியாது.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டாம், எழும்பூர் வரைக்கும் போனால் போதும். இந்த நகரத்தில் 1850இல் கலைப்பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் 1857இல் மெட்ராஸ் புகைப்படச் சங்கமும் தொடங்கினார். நாட்டிலேயே மூத்த சங்கங்களில் ஒன்று என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறோம். பேசட்டும். அந்தக் காலத்துக் கேமரா இங்கே எதைப் பார்த்தது? கோயில், கோட்டை, மலை, அப்புறம் 'மாதிரிகள்'. மனுஷனை ஒரு சாதிக்கு மாதிரியாக நிறுத்தி எடுப்பது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'பீப்பிள் ஆஃப் இந்தியா' முழுக்க அந்த வேலைதான். அதற்குப் படம் கொடுத்தவர்களில் ஒருத்தர் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர். அதே ஹூப்பர்தான் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்த சனத்தை வரிசையாக உட்காரவைத்து, குடும்பம் குடும்பமாக அமைத்து எடுத்தவர். இன்றைக்கும் பஞ்சம் என்றால் அந்தப் படங்கள்தான் பத்திரிகைகளில் வருகின்றன. அதில் ஒரு குழந்தையின் பேர்கூட நமக்குத் தெரியாது. ஹூப்பர் பேர் தெரியும். இந்த ஆள் அப்புறம் பர்மாவுக்குப் போய், மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் அந்த நொடியையே தகட்டில் பிடிக்கவேண்டும் என்று கேமராவை வைத்துக்கொண்டு நின்று, 1886இல் விசாரணைக்கு ஆளானார். ஒருத்தன் சாவதைவிட 'ஷாட்' முக்கியம் என்கிற புத்தி அப்போதே முளைத்தாயிற்று.

அப்புறம் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் மூக்கையும் மண்டையையும் அளக்கிற கருவி. 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதிகள் சாதி ஆராய்ச்சிக்காரர்களுக்கு இன்றைக்கும் வேதம். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் மனுஷன் பேர் இல்லை. இன்ன சாதியான், இன்ன சாதிப் பெண் என்று இருக்கும். நம் பாட்டன் பூட்டிகளில் எத்தனை பேர் அந்தத் தொகுதிகளுக்குள் நின்றுகொண்டிருக்கிறார்களோ, அடையாளம் சொல்ல ஆளில்லை. இதைத் திரும்பக் கேள்வி கேட்ட கலைஞர்களும் உண்டு. புஷ்பமாலா 2000க்குப் பிறகு கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, அளவுகோல் கட்டத்துக்கு முன்னால் தானே 'மாதிரி'யாக நின்று படமெடுத்து, அந்த ஆராய்ச்சிக் கண்ணையே கேலி செய்தார். 2019இல் இங்கே நடந்த இரண்டாவது போட்டோ பியனாலேயின் கலை இயக்குநராகவும் அவர்தான் இருந்தார். ஆகவே இந்த நகரத்துப் புகைப்பட உலகத்துக்கு இந்தச் சரித்திரம் தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்லமுடியாது. தெரியும். பல்கலைக்கழக செனட் ஹவுசில் தெரியும், புளியந்தோப்புக்குள் நுழையும்போது மறந்துபோகும்.

தர்ஸ்டனுக்காவது அது உத்தியோகம். இன்றைய ஞாயிற்றுக்கிழமைக் கேமராவுக்கு என்ன தேவை? இதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியே தெரியாத ஒரு பொருளாதாரம் இதற்குள் ஓடுகிறது. உலகம் முழுக்க 'சலோன்' என்கிற போட்டிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டிப் படம் அனுப்பவேண்டும். எத்தனை படம் ஏற்கப்பட்டது, எத்தனை நாட்டில் ஏற்கப்பட்டது என்கிற கணக்குக்குத் தகுந்த மாதிரிப் பட்டம். அந்தப் பட்டத்தின் எழுத்துகளைப் பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்குக்குச் சில படங்கள் சுலபமாக எடுபடும்: சுருக்கம் விழுந்த கிழவன், புகை அடைந்த அடுப்படியில் ஒரு வெளிச்சக் கற்றை, அழுக்குச் சட்டையோடு சிரிக்கிற குழந்தை. கிடைக்காவிட்டால் உண்டாக்கலாம். "தாத்தா, சட்டையைக் கழட்டிட்டுத் தலையில துண்டு கட்டுங்க" என்று சொல்லி, பக்கத்தில் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டு, பத்துப் பேர் பத்துக் கேமராவோடு சுற்றி நின்று ஒரே படத்தைப் பத்துத் தடவை எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். தாத்தா கையில் நூறு ரூபாய். எடுத்தவருக்குப் பேருக்குப் பின்னால் நாலு எழுத்து. தாத்தாவுக்குப் பேரே இல்லை.

சட்டையைக் கழட்டச் சொல்வதை நம்மால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது, தோழர்களே. நம் தெருக்களில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுகிற படம் யாருடையது? கோட்டு, டை, கண்ணாடி, கையில் புத்தகம். படத்தில் எப்படி உட்காரவேண்டும், எப்படி நிற்கவேண்டும் என்று நம் சனத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் படம்தான். ஏழ்மையை உடம்பில் காட்டுவது ஒரு தேசத்துக்கே அரசியல் வேஷமாக இருந்த காலத்தில் மனுஷன் கோட்டைக் கழட்டாமல் கேமரா முன்னால் நின்றார். எங்க ஆயா ஸ்டூடியோவுக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பட்டுப்புடவையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, கையில் வாட்ச் கட்டிக்கொண்டு, பின்னால் திரையில் வரைந்திருந்த மாடிப்படியில் சாய்ந்துகொண்டு எடுத்துக்கிட்டாங்க. இதைப் பார்த்து 'போலி' என்று சிரிக்கிறவன்தான் அடுத்த வாரம் வைக்கோல் புகையோடு வருகிறான்.

இங்கே சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தை எடுத்தவர்தான் படைப்பாளி, உரிமைக்காரர். ஆனால் ஒருத்தர் காசு கொடுத்துத் தன்னைப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. அதாவது இரவல் புடவையில் ஸ்டூடியோவுக்குப் போன எங்க ஆயா தன் முகத்தின் உரிமைக்காரி. துடைப்பத்தோடு தெருவில் நின்ற எங்க பெரியம்மாவுக்குத் தன் உருவத்தின் மேல் ஒரு பைசா உரிமை இல்லை. ஸ்டூடியோவைக் கொச்சையென்றும் தெருவை உயர்ந்த கலையென்றும் பிரித்தது யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்தப் படத்தில் முகம் ஏன் இல்லை? 'எதிரொளியில் நிழலுரு' என்று கலைக்கணக்குச் சொல்வார்கள். தொழில்கணக்கையும் சொல்கிறேன். கேமராவுக்குள் இருக்கிற ஒளிமானி உலகத்தை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற சாம்பல். பளிச்சென்ற பின்னணியில் கறுத்த முகம் நின்றால், எடுக்கிறவன் முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை வேணுமென்றே கொடுத்தால்தான் முகம் வரும். கொடுக்காவிட்டால் இருட்டு. கலர் ஃபிலிம் காலத்தில் கொடாக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பின மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். அந்த அட்டைக்கு 'ஷர்லி' என்றே பேர். பல பத்தாண்டுகள் உலகத்துக் கறுத்த தோலெல்லாம் அவளுக்குச் சரிசெய்த மருந்தில் கழுவப்பட்டது. நம்ம ஊர் ஸ்டூடியோக்காரர் வேறு வழியில்லாமல் முகத்துக்கு வெள்ளையடித்தார். இப்போது டிஜிட்டலில் எந்த முகத்தையும் கொண்டுவரலாம், கருவியில் குறையில்லை. பொன்தூசிக்காரர் தூசிக்கு வெளிச்சம் கணக்குப் போட்டார், முகத்தை விட்டுவிட்டார். இரண்டில் எது வேணும் என்று அந்த நொடியில் முடிவெடுத்தது அவர்தான்.

அந்தத் தூசி இன்னா தூசி என்று பெரியம்மாவைக் கேட்டால் சொல்வாங்க. விடிகாலை ஆறு மணிக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று கேமராக்காரர் வருகிறார். ஆறு மணிக்கு வேலை தொடங்குவதால் அவங்க வராங்க. அவருக்கு 'கோல்டன் அவர்', அவங்களுக்கு வருகைப் பதிவு. ராத்திரி இருமல் வந்து உட்கார்ந்துகொண்டே தூங்குகிற மனுஷியிடம் போய் அந்தத் தூசிக்குத் தங்கம் என்று பேர் வைத்ததை எப்படிச் சொல்ல? படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இன்னாடா இது, ஒரே இருட்டாக்கீறேன்? மூஞ்சியே தெர்ல. இதுக்கா பரிசு?" அப்புறம், "எனக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம்ல." அவ்வளவுதான். அவங்க பேரை இந்தக் கட்டுரையில் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டா, வேலைக்கு வம்பு" என்றாங்க. அதனால் போடவில்லை. கேட்டுவிட்டுப் போடாமல் இருப்பதும் கேட்காமலே போடாமல் இருப்பதும் ஒன்றா?

இப்போது அந்தப் பழைய கேள்வி வரும், தெரியும். "அப்போ தலித்துகளைத் தலித்துகள்தான் படமெடுக்கணுமா?" இலக்கியத்தில் இதை முப்பது வருஷத்துக்கு முன்னால் பேசி முடித்தோம். பரிவோடு எழுதியது வேறு, பட்டு எழுதியது வேறு என்று சொல்லி, யாரையும் எழுதாதே என்று தடுக்காமல் நாமே எழுதத் தொடங்கினோம். புகைப்படத்தில் அந்தச் சண்டை பெரிதாக நடக்கவேயில்லை. காரணம் கஷ்டமில்லை. எழுத ஒரு பேனா போதும். கேமரா, லென்ஸ், கம்ப்யூட்டர், அச்சு, சட்டகம், கூடத்து வாடகை எல்லாம் காசு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சும்மா நடக்க முடிவதே ஒரு சொத்து. நம் பையன்களில் பலபேர் இந்தத் தொழிலில் ரொம்பக் காலமாக இருக்கிறார்கள். எங்கே? கல்யாண மண்டபத்தில் லைட் பிடிக்கிற பையனாக. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் மூக்கு நிழல் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரிந்த அளவு பயிலரங்கு நடத்துகிறவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். அவனைக் கலைஞன் என்று எந்தச் சங்கமும் கூப்பிட்டதில்லை. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற கடைக்காரரையும் கூப்பிட்டதில்லை. செத்தவரின் வாக்காளர் அட்டையிலிருந்து தபால்தலை அளவு முகத்தை எடுத்துப் பெரிதாக்கி, கிழிந்த காலரை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வைத்து, நாலு மணி நேரத்தில் தெருமுனையில் நிறுத்துகிறார். பேரும் போடுகிறார். பிறப்பு, இறப்பு, பேரன் பேத்தி பேர்வரைக்கும் போடுகிறார். சேரியின் கண்காட்சி அதுதான். அதில் பேரில்லாத படம் ஒன்றைக் காட்டுங்கள்.

கேமரா நமக்கு எதற்கு வேணும் என்பதும் வேறு. மலக்குழியில் ஆளை இறக்கிவிட்டு, செத்ததும் "நாங்க இறக்கலை, அவனா இறங்கினான்" என்று ஒப்பந்தக்காரன் சொல்லும்போது, யாரோ எடுத்த மங்கலான ஒரு கைப்பேசிப் படம்தான் சாட்சி. 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது. அந்தக் காசுக்கு அலைகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு படத்தின் மதிப்பு என்ன என்று. 1999இல் தாமிரபரணியில் பதினேழு பேர் செத்தபோது, தடியடிக்குப் பயந்து தானாக ஆற்றில் விழுந்து செத்தார்கள் என்று சொல்லப்பட்ட கதைக்கு எதிராக நின்றதும் ஓடிய கேமராதான். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதை வைத்துத்தான் பேசியது. 2025 ஆகஸ்ட் 13 ராத்திரியிலும் அப்படியே. பஸ்சுக்குள்ளிருந்தும் தரையில் இழுபடும்போதும் பிடித்த கைப்பேசிக் காட்சிகள் விடிவதற்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. சட்டகம் கோணல், வெளிச்சம் இல்லை, எந்தச் சலோனும் ஏற்காது. அந்தப் பதின்மூன்று நாளும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வந்தார்கள், தனியாளாகச் சில இளைஞர்கள் வந்து ராத்திரியும் கூடவே இருந்தார்கள், அவர்களுக்கு நன்றி. பெரியம்மாவை வைத்துப் பரிசு கொடுத்த சங்கத்திலிருந்து யாரும் வந்து நான் பார்க்கவில்லை. அந்த வாரம் அவர்களுக்கு வேலை அதிகம்.

நம் பக்கத்திலிருந்து ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். மதுரைப் பக்கம் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்கு, 2017இல் வந்தது, கேமரா பிடித்தவர். அப்புறம் இறந்துபோன தூய்மைப் பணியாளர்களின் வீடுகளுக்குப் போய், குழந்தைகளையும் மனைவிகளையும் நேருக்கு நேர் பார்த்து எடுத்தவர். அந்தப் படங்களில் ஆட்கள் நம்மைப் பார்க்கிறார்கள், அதுதான் வித்தியாசம். அவர் அதோடு நிற்காமல் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே எடுத்த படங்கள் 2023இல் இந்த நகரத்தில் காட்சிக்கு வந்தன. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்குக் காலத்தில் சொந்த வீட்டுக்குத் திரும்பித் தன் குடும்பத்தையே எடுத்தார். நீலம் 2018இலிருந்து நடத்துகிற வானம் விழாவில் பறையும் நாடகமும் போலப் படமும் சுவரில் ஏறியது. இதெல்லாம் சேர்ந்து ஒரு பத்து வருஷ வேலை. தர்ஸ்டனின் நூறு வருஷத்துக்கு முன்னால் அது கம்மிதான்.

2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலேயின் நாலாவது பதிப்பு 2024 டிசம்பரிலிருந்து 2025 மார்ச் வரை நடந்தது. 'ஏன் புகைப்படம் எடுக்கிறோம்' என்பது அதன் கேள்வி. நல்ல கேள்வி, குறை சொல்லமாட்டேன். கூடத்தை விட்டு வெளியே பொது இடத்துக்குப் படங்களைக் கொண்டுவர அவர்கள் முயல்வதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் எடுக்கிறோம் என்பது எடுக்கிறவருடைய கேள்வி. எடுக்கப்படுகிறவருக்கு அந்தக் கேள்வி இல்லை. எடுத்தது எங்கே போச்சு, யார் பார்த்தார்கள், எனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் பெரியம்மாவின் கேள்வி. அதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம்.

ஆகவே நகரத்துச் சங்கங்களுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் நடுவர்களுக்கும் நேராகச் சொல்கிறேன். ஷட்டர் வேகத்தை எழுதுகிற அட்டையில் ஆளின் பேரை எழுதுவதற்கு இடம் இருக்கிறது. பேர் வேண்டாம் என்று அவர் சொன்னால் 'பேர் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதுங்கள், கேட்டீர்கள் என்றாவது தெரியும். கேட்கவே இல்லையென்றால் 'கேட்கவில்லை' என்று அச்சடியுங்கள், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நூலகத்துக்கும் அயல்நாட்டுக்கும் படம் அனுப்ப முடிகிறவர்களால் புளியந்தோப்புக்கு ஒரு அச்சுப் பிரதி அனுப்ப முடியும். பரிசுப் பணம் பற்றியும் பேசியாகவேண்டும். பாதி என்று நான் சொல்வேன், பேரம் பேசத் தயார். நடுவர் நாற்காலியில் லைட் பிடித்த பையன் ஒருத்தன் உட்காரட்டும். வைக்கோல் புகையை அவன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான்.

இவ்வளவு கேட்டால் "ஸ்ட்ரீட் போட்டோகிராபியே செத்துடும்" என்பார்கள். கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பது அவர்களுடைய பயம். அவர்களுடைய சொந்த வீட்டுக் கல்யாணத்தில் இந்த இயல்பு வேண்டியதில்லை, அங்கே மூன்று தடவை கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். தி.நகரிலும் போட் கிளப்பிலும் வாசலில் கோலம் போடுகிற அம்மாவை ஒளிந்து நின்று டெலி லென்சில் எடுத்துப் பாருங்கள். வாட்ச்மேன் வருவார், அப்புறம் போலீஸ் வரும். எங்க தெருவுக்கு வாட்ச்மேன் இல்லை. அந்த ஒரே காரணத்தால் எங்க தெரு 'தெரு' ஆகிவிட்டது, அவர்கள் தெரு வீடு ஆகிவிட்டது.

சங்கத்துக்கு 2024 செப்டம்பரிலேயே கடிதம் எழுதினோம், பெரியம்மாவுக்கு ஒரு பிரதி வேண்டும் என்று. பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் வெட்டப்பட்ட அம்பேத்கரைப் பற்றியும் கேட்டோம். அதற்கும் இல்லை. ரிப்பன் மாளிகைப் போராட்டம் முடிந்தபின் மூன்றாவது கடிதம் போயிருக்கிறது. அதில் பெரியம்மாவே கையெழுத்துப் போட்டாங்க.

இதற்கிடையில் 2025 ஏப்ரல் 14 அன்று எங்க தெருவில் பையன்களும் பெண்பிள்ளைகளும் கைப்பேசியில் எடுத்த படங்களை அச்சடித்து, துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டு மாட்டினோம். அறுபத்திரண்டு படம். அச்சுச் செலவுக்குத் தெருவில் வசூல். எல்லாம் நல்ல படம் என்று சொல்லமாட்டேன், பாதி ஆட்டம் கண்ட படம், ஒரு பையன் தன் புறாக்களையே பதினொரு படம் எடுத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே பேர் இருந்தது, புறாக்களுக்கும்தான். சாயந்திரம் கூட்டம் முடிந்ததும் அவரவர் படத்தை அவரவர் கழட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருகிற ஏப்ரலிலும் வைக்கிறோம். படமெடுக்கிற தோழர்கள் அதற்கு முன்னால் வந்து பிள்ளைகளுக்கு ஒளிமானியையும் அச்சையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய கேமரா, பழைய லென்ஸ், அச்சுத்தாள் எது இருந்தாலும் இதழின் முகவரிக்கு எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.